லாகூரிலிருந்து கூடங்குளம் வரை: கணினி வைரசின் நாற்பது ஆண்டுக் கதை

மனிதரைப் பிடிக்கும் நோய்க்குப் பிறந்த ஊரைச் சொல்வது கடினம். கணினியைப் பிடிக்கும் நோய்க்கு அப்படியில்லை. நாம் வீட்டில் வைத்திருக்கும் பெர்சனல் கம்ப்யூட்டர் வகையை முதன்முதலில் பிடித்த வைரஸ் எந்த ஊரில் பிறந்தது, யார் எழுதியது என்பதெல்லாம் தெரியும். காரணம், எழுதியவர்களே தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள்!

ஓய்வூதியர் நண்பர்கள் என்னைக் கண்டால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஆன்டிவைரஸ் வாங்கணுமா, வேண்டாமா?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் இந்த நோய் எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்தக் கதவைச் சாத்துவது என்பது நமக்கே விளங்கிவிடும். அதனால்தான் இந்த வரலாறு.

முகவரியோடு வந்த முதல் வைரஸ்

1986 ஜனவரி. லாகூரில் பாசித், அம்ஜத் பாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் 'பிரெயின் கம்ப்யூட்டர் சர்வீசஸ்' என்ற கடை நடத்தி வந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைச் சிலர் காசு கொடுக்காமல் படியெடுப்பதைக் கண்டு, அப்படிப் படியெடுக்கும் பிளாப்பியில் தானும் ஒட்டிக்கொண்டு போகும் ஒரு நிரலை எழுதினார்கள். 360 கிலோபைட் கொள்ளும் ஐந்தே கால் அங்குல பிளாப்பியின் முதல் பகுதியில் அது உட்கார்ந்துகொள்ளும். அதே பிளாப்பியை வேறு கணினியில் போட்டுத் தொடங்கினால் அங்கே நினைவகத்தில் ஏறி, அடுத்து வரும் பிளாப்பிக்குத் தாவும். தடுப்பு மருந்துக்கு எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள் என்ற குறிப்பும் உள்ளே இருந்தது. விரைவிலேயே அமெரிக்காவிலிருந்தெல்லாம் அவர்கள் கடைக்குத் தொலைபேசி வந்ததாம்.

'வைரஸ்' என்ற பெயர் அதற்கும் முந்தையது. 1983இல் அமெரிக்க மாணவர் பிரெட் கோஹென் இப்படித் தானே பெருகும் நிரலைச் செய்து காட்டியபோது, அவருடைய பேராசிரியர் லெனர்டு ஆடில்மன் சொன்ன பெயர் அது. பிரெஞ்சிலும் அதே சொல்தான். உச்சரிப்பு மட்டும் 'வீரூஸ்'. லத்தீனில் அதற்கு நஞ்சு என்று பொருள். நம் தமிழறிஞர்கள் 'நச்சுநிரல்' என்றது மிகப் பொருத்தம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1990 ஜூனில் 'ஜோஷி' என்ற வைரஸ் நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. ஜனவரி 5ஆம் தேதி கணினியைப் போட்டால் அப்படியே நின்றுவிடும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால்தான் மேற்கொண்டு நகரும். யார் அந்த ஜோஷியோ, வருடத்துக்கு ஒரு நாள் ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்ல வைத்துவிட்டார்!

அந்தக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் தேசிய தகவலியல் மையத்தின் கணினி அறை என்று ஒன்று இருக்கும். குளிரூட்டிய அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கருவறைக்குள் நுழைவது போலப் பயபக்தியோடு நாங்கள் புதுக்கோட்டையில் எட்டிப் பார்த்திருக்கிறோம். வைரஸ் என்பது செருப்புத் தூசியில் வருவது என்று உறுதியாக நம்பிய சக ஊழியர்களும் இருந்தார்கள். சிரிக்க வேண்டாம். தூசிதான் வாசலில் நின்றது. வைரஸ் சட்டைப் பையில் பிளாப்பியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மருந்து செய்த நம்மவர்கள்

1992 மார்ச் 6, ஓவியர் மைக்கலாஞ்சலோவின் பிறந்தநாள். அன்று கணினி வட்டை அழிக்கும் ஒரு வைரசுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். லட்சக்கணக்கான கணினிகள் கெடும் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவு பெரிய சேதம் ஏற்படவில்லை. ஆனால் ஆன்டிவைரஸ் என்ற சரக்கு ஒன்று உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது.

புனேயில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் தொழிலில் தொடங்கிய கைலாஷ் கட்கரும், அவருடைய தம்பி சஞ்சய் கட்கரும் சேர்ந்து உருவாக்கியதுதான் குவிக் ஹீல். அண்ணன் கடைக்குப் பழுதாகி வந்த கணினிகளில் வைரஸ் இருப்பதைக் கண்டு தம்பி நீக்கும் நிரல் எழுதினார். அதற்கும் முன்பே, 1991இல், சென்னையில் கேசவர்தனன் என்பவர் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். அதன் தொழில்நுட்பம் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனத்தின் பெயரில் பெருமளவு விற்றது. ஜப்பான் பொருளை நாம் வாங்கிப் பழகியவர்கள். சென்னைச் சரக்கை அவர்கள் வாங்கியது நம்மில் பலருக்குத் தெரியாது.

காதல் கடிதமும் சட்டமும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைக் கொடுத்தது. அதோடு வைரசுக்கு பிளாப்பி தேவைப்படாமல் போயிற்று. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் சில நாள்களில் உலகைச் சுற்றி வந்தது. இணைப்பில் காதல் கடிதம் இருப்பதாக நினைத்துத் திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. பிலிப்பைன்சில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட மாணவரைத் தண்டிக்க முடியவில்லை. அப்படி ஒரு குற்றத்துக்கு அந்நாட்டில் அப்போது சட்டமே இல்லை!

நம் நாட்டில் அதே ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவு, பிறர் கணினியில் அனுமதியின்றி வைரசைப் புகுத்துவோர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதைத் தீய எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனையும் உண்டு. 2004 ஜனவரியில் 'செர்ட்-இன்' என்ற அவசர உதவி அமைப்பும் வந்தது. தீயணைப்பு நிலையம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காவலரின் கோப்பு

சட்டம் வந்தாலும் அலுவலகத்துக்குள் பழக்கம் மாறுவதற்கு நாளாகும். நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. இரவுக் காவலர் ஒருவர் பணியிலேயே இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியக் கருத்துரு முழுவதும் கணினியில் தட்டச்சாகி, மறுநாள் அச்செடுக்க வேண்டிய நிலை. பில் வேலைக்காக வெளியிலிருந்து வந்த ஒருவர் தன் பென்டிரைவைச் செருகினார். மறுநாள் காலையில் கோப்புறைகள் எல்லாம் ஒரே அளவில், திறக்காத குறுக்கு வழிகளாகக் கிடந்தன. சரிபார்க்க வந்த பொறியாளர், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோசைப் புதிதாக ஏற்றித் தந்தார். நோய் போயிற்று, நோயாளியும் போனார்.

அந்த அம்மாள் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று முறை பஸ் ஏறி வந்தார். கணினி கெட்டுவிட்டது என்றால் அவருக்கு என்ன புரியும்? "ஐயா, அவரு வேலை பார்த்தது அதுல இல்லாமப் போச்சுங்களா?" என்று கேட்டார். அவர் கேள்வியில் தவறே இல்லை. காப்பாற்றியது காகிதம்தான். பழுப்பேறிய பணிப்பதிவேட்டில் முப்பது ஆண்டுக் காலமும் ஊதிய உயர்வுகளும் மையில் அப்படியே இருந்தன. அதை வைத்து மறுபடி கருத்துரு எழுத பதினொரு நாள் ஆயிற்று. கணினிப் பாதுகாப்பு என்றவுடன் எனக்கு நினைவு வருவது அந்த அம்மாளின் கேள்விதான். கெடுவது இயந்திரம் அல்ல, ஒருவருடைய சோறு.

அந்த நாளில் பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் வசதி விண்டோசில் இருந்தது. பிரவுசிங் சென்டரிலிருந்தும் ஜெராக்ஸ் கடையிலிருந்தும் வீட்டுக்கு வைரஸ் வந்த ராஜபாட்டை அதுதான். நம் அலுவலகங்கள் மட்டும் ஏமாறவில்லை. 2009 ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படையின் உள்வலையையே 'கான்பிக்கர்' என்ற புழு பிடித்துக்கொண்டது. பறப்புத் தகவல்களை இறக்க முடியாமல் சில ரபேல் விமானங்கள் தரையில் நின்றதாகச் செய்தி வந்தது. கான்பிக்கருக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மூன்று மாதம் முன்பே கொடுத்திருந்தது. அதைப் போட்டிருந்தால் இந்தச் சங்கடம் இல்லை.

சுவரில் ஒட்டிய கடவுச்சொல்

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் டிவி5 மோந்த் அலைவரிசைச் செய்திகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. 2015 ஏப்ரல் 8 இரவு அந்த நிறுவனத்தின் பன்னிரண்டு அலைவரிசைகளும் இருண்டன. இணையத் தாக்குதல். மறுநாள் அதைப் பற்றிப் பேட்டி கொடுத்த ஊழியரின் பின்னாலேயே, காகிதத் துண்டுகளில் கடவுச்சொற்கள் எழுதி ஒட்டியிருந்தது நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. அதில் யூட்யூப் கணக்கின் கடவுச்சொல் என்ன தெரியுமா? 'லு மோ த பாஸ் த யூட்யூப்'. அதாவது, 'யூட்யூபின் கடவுச்சொல்' என்பதே கடவுச்சொல்! நம் ஊரில் வங்கி அட்டையின் பின்புறம் நான்கு இலக்க எண்ணை எழுதி வைக்கும் பெரியவர்களை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் சொந்தச் சொல் வைத்திருக்கிறார்கள். போலி மின்னஞ்சலில் நம்மை இழுப்பதற்கு 'அம்சொனாழ்' என்று பெயர். தூண்டில் முள் என்ற சொல்லிலிருந்து வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது 'ரான்சோன்ஜிசியேல்'. மீட்புப் பணம் கேட்கும் மென்பொருள். உளவு மென்பொருள் 'லொஜிசியேல் எஸ்பியோன்'. பெயரைக் கேட்டவுடனே ஆபத்து என்னவென்று தெரிகிறதல்லவா?

பணம் கேட்கும் காலம்

தொடக்கத்தில் வைரஸ் எழுதியவர்கள் பெரும்பாலும் பெயருக்கும் குறும்புக்கும் எழுதினார்கள். பிறகு அது தொழிலாயிற்று. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ஒரு கணினிக்கு 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலைகள் நின்றன. இதற்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14இலேயே வந்திருந்தது.

நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகள் இப்படிப் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கேட்டார்கள் என்று செய்தி வந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நாட்டின் முதன்மையான மருத்துவமனையில் நாள்கணக்கில் புறநோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள்.

இவற்றுக்கு நடுவே கூடங்குளம். 2019 செப்டம்பர் 4 அன்று அணுமின் கழகத்துக்கு செர்ட்-இன் அமைப்பு ஒரு தகவல் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியில் கசிந்தது. அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு தொடர்பில்லாதது, தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை, ஆலையின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்று கழகம் ஒப்புக்கொண்டது. அதன் பெயர் 'டிடிராக்' என்று வல்லுநர்கள் சொன்னார்கள். அது உளவு பார்க்கும் வகை. தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும். கோப்புப் பட்டியலை எடுத்து அனுப்பும். வடகொரியத் தொடர்புடையதாகக் கருதப்படும் 'லாசரஸ்' கும்பலோடு காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதைத் தொடர்புபடுத்தியது.

இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் இருக்கிறது. உலையை இயக்கும் கணினியும் கடிதம் எழுதும் கணினியும் வேறு வேறாக இருந்ததால்தான் சேதம் அலுவலக அறையோடு நின்றது. ஆனால் தனித்து வைத்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2010இல் தெரியவந்த 'ஸ்டக்ஸ்நெட்', இணையத் தொடர்பே இல்லாத ஈரான் நாட்டு நதான்ஸ் ஆலைக்குள் பென்டிரைவ் வழியாகப் போனதாகச் சொல்கிறார்கள். அது அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா.

வண்டியை மாற்றியவர்கள்

வேறு வழியில் யோசித்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2007 வாக்கில் எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில், விண்டோசை விட்டு லினக்சுக்கு மாறியது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியபோது, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்சைப் பயன்படுத்துமாறு தமிழக அரசு துறைகளுக்குச் சொன்னது. பிரான்சின் ழாந்தார்மெரி காவல் படையும் 2008 முதல் படிப்படியாகப் பல்லாயிரம் கணினிகளை உபுண்டுவுக்கு மாற்றியது. லினக்சுக்கு நோயே வராது என்பதில்லை. கொசு அதிகம் இல்லாத ஊருக்குக் குடிபோவது போல. ஆனால் நம் அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் பழகிய விரல்கள் எளிதில் மாறவில்லை. பெரும்பாலான மேசைகளுக்கு விண்டோஸ் திரும்பி வந்துவிட்டது.

இப்போது அதே நிலைமை நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினியை வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி, நாம் செய்ய வேண்டியவை

1. ஆன்டிவைரஸ் கேள்விக்குப் பதில்: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபெண்டர் என்ற காவல் கூடவே வருகிறது. அதை அணைக்காமல், புதுப்பித்து வைத்திருந்தால் வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் போதும். விலை கொடுத்து வாங்கினால் ஒன்று மட்டும். ஒரே வாசலில் இரண்டு காவலர் நின்றால் சண்டைதான் வரும்.

2. புதுப்பித்தல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். கான்பிக்கர், வான்னாக்ரை இரண்டும் சொல்வது அதைத்தான்.

3. திருட்டு விண்டோஸ், 'கிராக்' மென்பொருள் வேண்டாம். இலவசமாகக் கொடுப்பவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது.

4. அன்றாடப் பயன்பாட்டுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கூடங்குளத்தில் இரண்டு வலைகள் தனித்தனியே இருந்தது போல.

5. பிறர் பென்டிரைவைச் செருகினால், திறப்பதற்கு முன் வலது பொத்தானை அழுத்தி சோதனை செய்யுங்கள்.

6. உயிர்வாழ்ச் சான்று, நேர்காணல், ஓய்வூதிய நிலுவை என்று சொல்லி வரும் அழைப்புக்கு ஓடிபி சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பு வந்தால் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கருவூலத்துக்கோ வங்கிக் கிளைக்கோ நேரில் போய்க் கேளுங்கள். காணொளி வழியாக யாரையும் கைது செய்யும் அதிகாரம் எந்தப் போலீசுக்கும் இல்லை.

7. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நாமே ஓடிபி சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம் தலையில்தான். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எட்டாவதாக ஒன்று, எல்லாவற்றிலும் பெரியது: படியெடுத்து வையுங்கள். இது புதிய யோசனை இல்லை. திருமழபாடிக் கோயிலை இடித்துக் கட்ட ராஜராஜ சோழன் முடிவு செய்தபோது, முதலில் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கோயில் எழும்பி, அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அந்தப் படியைப் பார்த்து மீண்டும் கல்லில் வெட்டினார்கள். கல்லையே நம்பாமல் படி எடுத்த தேசம் இது. பத்தாண்டு நிற்காத வட்டை மட்டும் நாம் ஏன் நம்ப வேண்டும்?

முக்கியக் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் மாதம் ஒருமுறை படியெடுத்து, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றாமல் விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஓய்வூதியக் கொடுப்பாணை, பட்டா, பத்திரம் ஆகியவற்றுக்குக் காகித நகலும் இருக்கட்டும். இந்த மாதப் படியை இன்று மாலையே எடுத்துவிடுங்கள்.